ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி

மலிவு. இந்தத் தொழிலுக்குள் கால் வைக்கிற முதல் நாளே அந்தச் சொல்லை உங்களுக்குச் சொல்லுவார்கள். மலிவான விமானம், உடைந்தால் உடையட்டும். சட்டன் என்ற இந்த ஆங்கில ஊரில் அந்தப் பட்டறைக்குள் நான் முதன்முதல் நுழைந்தபோதும் இதைத்தான் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். உள்ளே ஒரு சொல்லும் இறங்கவில்லை. இறங்கக் கனகாலம் எடுத்தது. இப்போது என் பெருவிரல் மூட்டு பசைக்குழாயைப் பிதுக்க விடுவதில்லை. அதனால் ஐம்பத்திரண்டு வயதிலேயே என் மேசையை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். போகமுன் ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லவேண்டும். எந்தத் திருகாணி, எந்த பற்றரி என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. இது கையேட்டில் இல்லை.

நாங்கள் செய்வது, உங்களுக்குத் தெரியும், இராணுவத்தில் ஆளில்லா விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான பயிற்சி விமானம். மீன் பெட்டி செய்கிற ரெஜிபோமை விடக் கொஞ்சம் இறுக்கமான நுரையில் உடல். என் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு இறக்கை. இறக்கைக்குள் நீளமாக ஒரு கார்பன் தடி, அதுதான் முதுகெலும்பு. மூக்கில் ஒரு கமரா. வேறு சுமை இல்லை. உண்மையான விமானத்தைப் புதியவர் கையில் கொடுத்தால் உடைத்துவிடுவேனோ என்ற பயத்திலேயே பழகமாட்டார். இதைக் கையால் எறிந்து பறக்கவிடுவார், விழுத்துவார், மறுபடி எறிவார், மறுபடி விழுத்துவார். விழுத்தத்தான் அது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. நுரை கிழிந்தால் ஒட்டலாம். தடி முறிந்தால் அந்த இறக்கை முடிந்தது; சிவப்புப் பெயின்டால் பெரிய புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, போட்டுக் கழிவுத் தொட்டிக்குள் போடவேண்டும்.

அந்தப் புள்ளடியைப் போட என் கை போகவில்லை.

எங்களில் எத்தனை பேர் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மிளகாய்த்தூள் இருக்கிறது, சொல்லுங்கள். மூன்று தரம் இடம்பெயர்ந்தவள் நான். மூன்று தரமும் எதை எடுப்பது, எதை விடுவது என்று வாசலில் நின்று திகைத்தவள். முழு இறக்கை, வடிவான இறக்கை, நடுவில் ஒரு முறிவு, அதற்காகத் தொட்டியா? நுரையைக் கீறி, உள்ளே முறிந்த தடியை நேராக்கி, மேலே மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, செம்மஞ்சள் நூலை ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்றிப் பசை ஊற்றினேன். எட்டுமூலைப் பட்டத்தின் நடுத்தடி முறிந்தால் என் தமையன்மார் சுற்றுகிற அதே சுற்று. காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தேன். மணி மாதிரி ஒலித்தது.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் ரவி அண்ணை. என்னை விட எட்டு வயது மூப்பு, பகிடி விடாமல் ஒரு தேத்தண்ணி குடிக்கமாட்டார். இறக்கையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"தங்கச்சி, டொக்டருக்குப் படிக்க விடேல்லை எண்ட கோவத்தை இறக்கையிலை தீர்க்கிறீர் போல."

"நல்லாப் பிடிச்சிருக்குப் பாருங்கோ அண்ணை."

முழங்காலில் வைத்து மெல்ல வளைத்தார். "ஓம், உருக்கு. புள்ளடி போடேல்லையோ?"

"இதுக்கு ஏன் புள்ளடி?"

அவர் தலையை ஆட்டிவிட்டு அதை நல்ல இறக்கைகளின் தட்டில் வைத்தார். நான் கீறிய இடத்துக்கு மேலே வெள்ளை ஒட்டுநாடா, ரேப், ஒட்டியிருந்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருவரும் எங்கேயும் எழுதவில்லை. பிழை நடந்த இடம் அதுதான், பிள்ளைகள். விமானம் விழுந்த இடமில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரையொருவர் மெச்சிக்கொண்ட ஒரு பின்னேரம். அந்த வருடம் இப்படி நான்கு இறக்கைகள் செய்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. முதல் கிழமை மோட்டாரை மேசையில் பூட்டி ஓடவிட்டபோது ரவி அண்ணையும் நானும் ஒரே நேரத்தில் தலையைக் குனித்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு வேறு பக்கம் பார்த்தோம். வன்னியில் யுத்த நேரம் மேலே சுற்றுகிற வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். வண்டின் இரைச்சல் கேட்டால் புகை தெரியாமல் அடுப்பை நூர்ப்போம், கொடியில் காய்கிற துணியை இழுப்போம், வானத்தைப் பார்க்காமல் நடப்போம். மேலே ஒரு கண், அந்தக் கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு கதிரையில் ஒருவர். அவர் என்னை என்னவாகப் பார்க்கிறார்? ஒரு மனுசியாகவா, ஒரு புள்ளியாகவா?

ரெய்னர்ஸ் லேனில் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒருவர் என்னைக் கேட்டார்: "நீங்களும் வண்டு செய்யிறியளாமே?" கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தேன். சுத்தமான பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் கெல்லியைச் சந்தித்த பிறகு அரைவாசிப் பதில் ஒன்று வந்தது.

கெல்லி வார நாட்களில் தெருத்தெருவாகத் தபால் கொடுப்பவள். வார இறுதியில் இராணுவத் தொண்டர் படைக்காரி, எங்கள் விமானத்தில் பழக வந்தவள். முப்பத்துநான்கு வயது, வெயில் பட்ட மூக்கு, ஓயாத கால்கள். மற்றவர்கள் விழுத்தினால் விமானத்தைத் திட்டுவார்கள். அவள் விழுத்தினால் ஓடிப்போய்த் தூக்கி, "மன்னிச்சுக்கொள்" என்று அதனிடம் சொல்லுவாள். நான் ஆங்கிலக் கதையெல்லாம் எங்கடை தமிழில்தான் எழுதுகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்டது.

பயிற்சியில் மூன்று குறை விழுந்தால் வீட்டுக்கு. அவளுக்கு இரண்டு விழுந்திருந்தது. முதலாவது, பிந்தி வந்தது. இரண்டாவதைத்தான், பட்டறை வேனில் விமானங்களோடு போயிருந்த நான், பக்கத்தில் நின்று பார்த்தேன். குறித்த இடத்துக்கு மேலாகக் குறித்த நேரத்தில் பறக்கவேண்டும். அவள் பாதி வழியில் விமானத்தைத் திருப்பிவிட்டாள். ஏன் என்று கேட்டார்கள்.

"நாயோடை ஒரு கிழவர் வந்தவர். வேலியோரம். ஆள் இருக்கு."

கமராவில் அது நாலைந்து புள்ளி மட்டும்தான். அதை அவள் கிழவர் என்றாள், நாய் என்றாள், ஆள் என்றாள். குறை எழுதினார்கள், நேரம் தவறியதற்கு. நான் வேனுக்குள் போய் ஒரு காரணமும் இல்லாமல் கருவிப் பெட்டியை அடுக்கினேன். இந்தக் கதிரையில் யாராவது இருக்கத்தான் போகிறார்கள் என்றால், இந்த மனுசி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குத் தீர்ப்புப் பறப்பு, தேறுவதா வீட்டுக்குப் போவதா என்று முடிவாகிற பறப்பு. சட்டனுக்குத் தெற்கே, வீடுகள் களைத்து நிற்கிற மேட்டில், நாங்கள் பாவிக்கிற புல்வெளி. ஓரத்தில் முட்செடி வேலி, வேலிக்கு அப்பால் நடைபாதை. காற்று நல்லாய் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் கூச்சப்படுவார். முப்பது வருடம் சீருடையில் இருந்தவர். கோபம் வந்தால் அவர் குரல் கூடாது, குறையும்.

கெல்லி வடிவாக ஓட்டினாள். இரண்டு சுற்று, ஒரு எட்டு, குறித்த நேரத்தில் குறித்த இடம். கடைசித் திருப்பத்தில் நடைபாதையில் ஒரு சைக்கிள் வந்தது. அவள் அதைக் கண்டாள். விமானத்தை இந்தப் பக்கம் திருப்பினாள்.

இறக்கை மடிந்தது. மேலே ஒரு சின்ன "டக்". சத்தம் எங்களுக்கு வந்துசேர முதலே விமானம் கல்லாகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம், முள்ளுக்குள் விழுந்தது. சைக்கிள்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல் போனார்.

பயிற்சியாளர் மெல்லச் சொன்னார்: "அழுத்தித் திருப்பிப்போட்டாய்."

"ஓம் சேர்," என்றாள் உடனே. "என்ரை பிழை."

அவ்வளவு கெதியாய்ச் சொன்னாள்.

உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை. வேனின் பின்கதவைத் திறந்து, இறக்கையை மடியில் வைத்து ரேப்பை உரித்தேன். செம்மஞ்சள் நூல். என்னுடையது. ஒரு சுற்றுக்கூடக் குலையவில்லை, பளபளவென்று இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, தடி துண்டாய் முறிந்திருந்தது.

விளங்கப்படுத்துகிறேன், இந்த ஒன்றுதான் தொழில்நுட்பம். வளைந்து கொடுக்கிற ஒரு தடியில் ஓரிடத்தை மட்டும் உருக்காக்கினால், அந்த இடம் வளையாது. வளைவு முழுக்க அந்த உருக்கு முடிகிற ஓரத்தில் போய்க் குந்திக்கொள்ளும். என் ஒட்டு உடையவில்லை. என் ஒட்டு பக்கத்தை உடைத்தது.

ரவி அண்ணை எட்டிப் பார்த்தார். நூலை விரலால் தடவினார்.

"நூல் அப்பிடியே இருக்கு," என்றார். "உம்மடை ஒட்டு நிண்டிட்டுது. பக்கத்திலைதானே உடைஞ்சது. அப்ப அது அவள் இழுத்ததுதான்."

"இல்லை அண்ணை."

"வாற கிழமை எங்கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதோ எண்டு பார்க்க ஆக்கள் வருகினம். எட்டுப் பேரின்ரை வேலை. யோசிச்சுக் கதையும்."

"யோசிக்கிறன்."

யோசித்தேன். அதுதான் என் வெட்கம். கதவு திறந்திருந்தது. நாற்பது அடி தூரத்தில் கெல்லி ஒரு காலை மடித்து, முழங்காலில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவதை நான் பார்த்தேன். விமானம் விழக் காரணம்: ஓட்டியவரின் பிழை. எழுந்துபோய், "நில், போடாதை" என்று சொல்ல எனக்கு எத்தனை காலடி தேவை? நான் நூலின் நுனியை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தேன். பின்னேரம் தனியாய்ச் சொல்லலாம். திங்கள் சொல்லலாம். ஆட்கள் வந்துபோன பிறகு சொல்லலாம். பயந்த மனசு எவ்வளவு ஒழுங்காகக் கலண்டர் போடுகிறது, பாருங்கள். கால் மணித்தியாலம் போனது.

அப்போதுதான் அடுத்துப் பழகவேண்டியவன், நெட்டையான ஒருவன், தன் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். மோட்டார் இரையத் தொடங்கியது. வெயில் அந்த இறக்கையின் அடிப்பக்கத்தில் பட்டது. வெள்ளை ரேப்பின் ஓரம் கொஞ்சம் உரிந்திருந்தது. உள்ளே செம்மஞ்சள்.

நடைபாதையில் ஒரு தம்பதி பிள்ளைத் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தது.

கலண்டர் எரிந்துபோனது. நான் கையில் உடைந்த இறக்கையோடு ஓடினேன். ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை. இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் இருந்தும் ஒன்றும் வரவில்லை.

"பொறுங்கோ! பொறுங்கோ!"

முழுப் புல்வெளியும் நின்றது. நெட்டையன் கையைத் தூக்கியபடி சிலையானான். தள்ளுவண்டிக்காரர்கூட நின்றார். தன் முப்பது வருடக் கட்டளை எதற்கும் ஒரு படை அவ்வளவு கெதியாய் நின்றதில்லை என்று பயிற்சியாளர் பிறகொரு நாள் சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை.

மூச்சு வாங்க, திரும்பி வந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னேன். தடி முறிந்தது. நான் ஒட்டினேன். புள்ளடி போடவில்லை. எழுதவில்லை. கெல்லியின் இறக்கை என் ஒட்டு. இதுவும் என் ஒட்டு.

"இன்னும் எத்தனை?" குரல் நன்றாகக் குறைந்திருந்தது.

"எல்லாமாய் நாலு. ஒண்டு விழுந்திட்டுது. இது ஒண்டு. வேனிலை பெட்டிக்குள்ளை இரண்டு."

"கொண்டு வா."

கொண்டுவர ரவி அண்ணைதான் போனார். இரண்டையும், நெட்டையனிடமிருந்து கழற்றிய மற்றதையும் என் காலடியில் வைத்துவிட்டு, போகாமல் எனக்குப் பக்கத்தில் நின்றார். தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கி, பயிற்சியாளரிடம் சொன்னார்: "சேர், நானும் பார்த்தனான். நல்ல தட்டிலை வைச்சது நான்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உம்மோடை சேர்ந்தால் இப்பிடித்தான்," என்றார். அந்த நேரத்தில் அந்த ஒரு பகிடி எனக்குப் பிடிக்கக் கிடைத்த கயிறு.

"உடை," என்றார் பயிற்சியாளர்.

மூன்று இறக்கைகளையும் நானே உடைக்கவேண்டும். முதலாவதை முழங்காலில் வைத்து வளைத்தேன். நூல் அசையவில்லை. ஒரு விரல் தள்ளி, டக். இரண்டாவதும் அதே இடம். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவதை முழங்காலில் வைத்தேன், அழுத்தவில்லை. அதுதான் நான் முதன்முதல் ஒட்டியது, மணி மாதிரி ஒலித்தது. இன்னொரு கை வந்து அதை என்னிடமிருந்து வாங்கியது. கெல்லி. அவள் உடைத்தாள். ஒரு விரல் தள்ளி.

முறிந்த முனையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வேனுக்குள்ளை. ரேப்பை உரிச்ச உடனை."

"நான் கையெழுத்து வைக்க முதலா?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. மிகச் சின்னப் பொய், ஒரு நிமிடத்தைக் கையெழுத்துக்குப் பின்னால் தள்ளி வைக்கிற பொய்.

"ஓம். பார்த்துக்கொண்டு இருந்தனான்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். "எனக்கு என்ன நடந்தது தெரியுமே," என்றாள். "கையெழுத்து வைக்கேக்கை, நான் அழுத்தி இழுத்த மாதிரியே ஞாபகம் வந்திட்டுது. என்ரை விரல் செய்ததை நான் கண்ட மாதிரி. செய்யாத ஒண்டு."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்கள் மேசையில் நடந்த பிழையை நீங்கள் சொல்லாமல் விட்டால், அது காற்றில் கரைந்துபோவதில்லை. வேறு யாரோ ஒருவரின் கைக்குள் போய், அவருடைய சொந்த ஞாபகமாக மாறிக் குந்திவிடும். நல்ல மனம் உள்ளவர்களிடம்தான் அது கெதியாய்ப் போய்க் குந்தும். கெட்டவர்கள் விமானத்தைத் திட்டிவிட்டுத் தப்பிவிடுவார்கள்.

பயிற்சியாளர் படிவத்தை வாங்கிக் கோடு கிழித்தார். கிழித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒட்டத் தெரிஞ்ச கை நல்ல கை. அதிலை எனக்குக் குறை இல்லை. நீ இறக்கையைப் பற்றி எழுதாமல் விட்டாய். அதாலை நான் ஒரு மனுசியைப் பற்றி எழுதினன்." பிறகு உடைந்த இறக்கையைக் கையில் எடுத்தார். "நானும் இறக்கையைத் திருப்பிப் பார்க்கேல்லை. அவள் 'என்ரை பிழை' எண்டதும் எனக்கு வேலை சுகமாப் போச்சு."

அவர் அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அத்தனை பேருக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

அரைமணி கழித்து, பெட்டி பிரிக்காத புது இறக்கை ஒன்றைப் பூட்டினோம். கெல்லி அதை விரலால் தடவி, திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். இதற்கு முதல் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு விமானத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் எறியுங்கோ."

அத்தனை வருடத்தில் நான் ஒன்றைக்கூட எறிந்ததில்லை. ஒட்டுவேன், அடுக்குவேன், பொறுக்குவேன். மேலே போகிற இரைச்சலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். மோட்டார் என் உள்ளங்கைக்குள் இரைந்தது, வண்டு, அதே வண்டு, என் எலும்புக்குள் அடுப்பு நூர்ந்தது. ஓடி எறிந்தேன். காற்று வாங்கிக்கொண்டது. முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஒரு வெள்ளைச் சிலுவை. அதன் கண்ணுக்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்தில் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். நடைபாதையில் ஆள் வந்தபோது அவள் முதல் போலவே திருப்பினாள், அதே அழுத்தத்தில். இறக்கை வளைந்தது, முழுதாக, நுனி வரை, ஒரு வில்லைப் போல. வளைந்து நிமிர்ந்தது.

இறக்கி, தூக்கிவந்து என் காலடியில் வைத்தாள். ஒரு கீறலும் இல்லை.

"இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லை," என்றாள்.

அவள் பயிற்சியில் சித்தியடைந்தாள். எங்கள் ஒப்பந்தம் உடனே வரவில்லை. எங்கள் பதிவுகளையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பார்த்து ஒரு பருவம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பருவம் முழுக்கப் பட்டறையில் யாரும் என்னோடு அதிகம் கதைக்கவில்லை, ரவி அண்ணையைத் தவிர. ஏற்கெனவே துண்டான அந்த மூன்று இறக்கைகளுக்கும், மடிந்த அந்த ஒன்றுக்கும், திங்கட்கிழமை நான் புள்ளடி போட்டேன். அவர் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, "பெரிசாப் போடும், கண் தெரியாதவைக்கும் தெரியவேணும்" என்றார். அன்றிலிருந்து நான் தொட்ட ஒவ்வொன்றிலும் என்ன செய்தேன் என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். உங்கள் தட்டில் அப்படி எழுதியவை இன்னும் சில இருக்கும். எழுத்து இல்லாமல் செம்மஞ்சள் நூல் தெரிந்தால், என்னைக் கேட்காமல் உடையுங்கள்.

கெல்லி இப்போது அதே புல்வெளியில் பயிற்சி கொடுக்கிறாள். தபாலை விட்டுவிட்டாள். நீங்கள் விமானங்களோடு அங்கே போகும்போது காண்பீர்கள். யாராவது விழுத்திவிட்டு, முகம் சிவந்து, அவசர அவசரமாக "என் பிழை" என்று தொடங்கினால் அவள் கையைத் தூக்குவாள். படிவத்தை எடுக்கமாட்டாள். முள்ளுக்குள் போய் முதலில் இறக்கையைத் தேடுவாள். போகமுன் ஒரு சொல் சொல்லுவாள், ஆங்கில நாக்கில் கொஞ்சம் சப்பையாக, ஆனால் நல்ல சத்தமாக:

"பொறுங்கோ!"

அது என்ன மொழி என்று அங்கே நிற்கிற ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் நிற்கிறார்கள்.